கெட்டியானவர் பாடிய பாட்டுகள்

கராகோல்,
ஏரிப் பக்கம் குளிர்காற்று கிளம்பிவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.

பிஷ்கெக்கில் பெரிய மனிதர்கள் நடுவே வாழும் அன்புத் தம்பி ஜுமாதிலுக்கு, உன் அண்ணன் சாதிர்குல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி அனார்கானும் பசுவும் நலம். அங்கே உன் நலமும், உன் மனைவி மக்கள், கார், காரோட்டி ஆகியோரின் நலமும் அறிய ஆவல். அப்படி எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். நேற்று நீ போனில் கத்திய கத்தலிலேயே உன் உடம்புக்கு, முக்கியமாகத் தொண்டைக்கு, ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

போனிலேயே பதில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ எங்கே சொல்லவிட்டாய்? கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

அப்பா பிறந்த நூறாவது ஆண்டுக்கு மண்டபம் பிடித்து விருந்து வைக்கிறாய், நல்லது. அப்பா பாடிய இசைத்தட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றி, விருந்தில் ஒலிக்கவிட வேண்டும் என்றாய், அதுவும் நல்லது. பிஷ்கெக்கில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாமே, அங்கே கொடேன் என்றேன். "வெளியாள் கைல அப்பா ரெக்கார்டைக் குடுக்கறதா? நீ சும்மாதானே இருக்க அண்ணா. காலம்பூரா மாட்டுக்கு ஊசி போட்டவன், ரெக்கார்டுக்கு ஊசி போடத் தெரியாதா?" என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்துக்கொண்டாய். அப்பா மீட்டிய மூன்று தந்திக் கோமுஸ் வாத்தியம் உன் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. அப்பாவின் பெயர் உன் விசிட்டிங் கார்டில் இருக்கிறது. எனக்கு வந்து சேர்ந்தவை அவருடைய தட்டுகளும் கடைசிக் காலத்தில் அவருடைய படுக்கையும்தான். சரி, அதை விடு.

நீ அனுப்பிய மெஷின் வந்தது. கூடவே வந்த புத்தகம் சீன மொழியில் இருந்தது. எனக்குக் கண்ணில் புரை, கம்ப்யூட்டர் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. ஆகவே அனார்கான் கம்ப்யூட்டர் முன்னால், நான் தட்டு முன்னால் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். முதலில் தூசி போகட்டும் என்று அவள் எல்லாத் தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவி அடுப்போரம் காய வைத்தாள், அதில் ஒன்று சுருண்டு கிண்ணமாகிவிட்டது (நல்லவேளை, அதற்கு இன்னொரு பிரதி இருந்தது, கிண்ணத்தில் இப்போது கோழிக்குத் தீனி வைக்கிறோம்), பிறகு வேகத்தைத் தப்பாக வைத்துவிட்டதால் அப்பா பள்ளிக்கூடப் பெண்பிள்ளை மாதிரி கீச்சென்று பாடினார், அதைச் சரிசெய்து எல்லாவற்றையும் பதிந்து முடித்துப் போட்டுக் கேட்டால், கம்ப்யூட்டர் மெஷினின் வயரிலிருந்து பதியாமல் தன் சொந்தக் காதாலேயே கேட்டுப் பதிந்திருக்கிறது, அதாவது பாட்டோடு பசு கத்துவது, நாங்கள் தேநீர் உறிஞ்சுவது, அடுத்த வீட்டுக்காரர் கடன் கேட்டு வந்தது எல்லாமே உள்ளே இருக்கிறது. அந்த முதல் பதிவைத்தான் அவசரத்தில் உனக்கு அனுப்பித் தொலைத்தேன். மூன்றாம் பாட்டின் நடுவில் "அப்பா செத்த அன்னிக்குக்கூட காரை விட்டு இறங்காம வாசல்லயே போன் பேசிக்கிட்டிருந்தான்" என்று ஒரு குரல் வருமே, அது நான்தான். மறுக்கப்போவதில்லை.

மறுபடி வயரைச் சரிசெய்து முதலிலிருந்து பதிந்தோம். கரகரப்பை நீக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்று நீ சொல்ல, அதை அழுத்தினோம். கரகரப்போடு கோமுஸ் மீட்டலையும் சேர்த்து அது துடைத்துவிட்டது, அப்பா தனியாக நின்று யாரோடோ சண்டை போடுகிற மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் முறையும் முதலிலிருந்து. இதில் ஒரு தட்டின் ஆரம்பத்தில் கீறல். "பாடுபவர் தாஷ்தன்" என்று அறிவிப்பாளர் சொல்லும் இடத்தில் முள் மாட்டிக்கொண்டு, தாஷ்தன், தாஷ்தன், தாஷ்தன் என்று அடித்துக்கொண்டது. மாமனார் பெயராயிற்றே என்று அனார்கான் ஒவ்வொரு தடவைக்கும் எழுந்து தலை குனிந்து வணங்கினாள். முதுகு வலியெடுத்ததும், "இது நிறுத்தாது போலிருக்கே, வாயைப் பொத்துங்க அதுக்கு!" என்று தன் சால்வையை எடுத்து மெஷின் மேல் போட்டாள்.

இங்கேதான் உன் கோபத்துக்குக் காரணமான விஷயம் வருகிறது. பிஷ்கெக் தண்ணீரில் உனக்கு எல்லாம் மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். நம் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். பெரியப்பா, சித்தப்பா, கொழுந்தன் யார் பெயரையும் சொல்லமாட்டாள். ஆளுக்கொரு செல்லப்பெயர் வைத்துத்தான் கூப்பிடுவாள். அப்பா தாஷ்தன், அதில் 'தாஷ்' என்ற கல் இருக்கிறது. அதனால் கல் என்ற சொல்லே அவள் வாயில் வராது, 'கெட்டியானது' என்பாள். அப்பா 'கெட்டியானவர்'. தாஷ்கெண்ட் அவளுக்குக் கெட்டியூர். எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தபோது டாக்டரிடம், "இவர் கிட்னியில எங்க கெட்டியானவர் இருக்காருங்க" என்றாள். "யாரு அவரு?" என்று டாக்டர் கேட்டார். "மாமனார்" என்றாள். அந்த டாக்டர் அதற்கப்புறம் அவளிடம் பேசவே பயந்தார்.

இப்படிப்பட்டவளிடம் கம்ப்யூட்டர், பாட்டின் பெயர் என்ன, பாடியவர் யார் என்று கேட்டால் என்ன செய்வாள்? கேட்டது, எழுதினாள். பாடியவர்: கெட்டியானவர். 'கல் பாலம்' என்ற பாட்டு 'கெட்டிப் பாலம்' ஆயிற்று. பெரியப்பாவின் பெயர் கொய்சு, அதாவது ஆட்டிடையன், அதனால் 'ஆட்டிடையன் பாட்டு' என்பது 'ஆட்டுக்குப் பின்னால் போகிறவர் பாட்டு' ஆயிற்று. அதை அப்படியே உனக்கு அனுப்பியும் விட்டோம். தட்டுகளின் காகிதமெல்லாம் என்றைக்கோ உரிந்துபோயிற்று. எந்தப் பாட்டு எது என்று இன்று அறிந்தவள் அவள் ஒருத்திதான். உனக்கும் தெரியாது. மண்டபத்து ஆட்கள் முன்னால் அது தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் உன் கோபத்தில் பாதி.

மீதிப் பாதியும் எனக்குப் புரிகிறது. ஒத்திகையில் பெரிய திரையில், மந்திரி அலுவலகத்து ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, "உடன் இரும்புக் கோமுஸ் வாசிப்பவர்: நல்லெலும்பு" என்று வந்துவிட்டது. மீசை அரும்பும் வயதில் அப்பாவோடு ஒரே ஒரு பாட்டுக்கு நீ வாயில் வைத்து வாசித்த அந்த இரும்புத் துண்டு உனக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயர் வந்த கதையும் எனக்குத் தெரியும். அவள் மணப்பெண்ணாக வந்த அன்று, கறித்தட்டில் மூத்தவர் என்ற மரியாதைக்காகப் பெரியப்பாவுக்கென்று வைத்த இடுப்பெலும்பை, அவர் கை நீட்டுமுன் நீ எடுத்துக் கடித்துவிட்டாய். பெரியப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் அன்றே உனக்கு நல்லெலும்பு என்று பெயர் வைத்தாள். கூடத்தில் அப்பாதான் அதிகமாகச் சிரித்தார். செல்லப்பெயர் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது வழக்கம், உண்மையாகவும் இருந்துவிட்டால் அவள் என்ன செய்வாள்?

இதையெல்லாம் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன் தம்பி. ஆனால் நேற்று நீ சொன்னாயே, "இது படிச்சவங்க காலம்ணா. மாமனார் பேரை ஒழுங்கா எழுதத் தெரியாதவங்க விருந்துக்கு வந்து என்ன செய்யப்போறாங்க? மைக் குடுத்தா முழிப்பாங்க. அண்ணி வீட்டுலயே இருக்கட்டும், நீ மட்டும் வா." நீ அதைச் சொன்னபோது என் போன் ஸ்பீக்கரில் இருந்தது. எனக்குப் பொத்தான் தெரிவதில்லை, எப்போதும் ஸ்பீக்கர்தான். அவள் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள், கெட்டிலைக் கீழே வைத்தாள், மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள். அது பால் கறக்கும் நேரமே இல்லை.

அந்த வீட்டில் இருக்கட்டும் என்கிறாயே, அந்த வீட்டில்தான் அப்பாவை அவள் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள். நீ ரம்ஜானுக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவாய். கடைசிக் குளிர்காலத்தில் ஒருநாள் அப்பா அவளைக் கூப்பிட்டார். "மகளே, என் வயசுக்காரன் எல்லாரும் போயிட்டான். அப்பாங்கறாங்க, தாத்தாங்கறாங்க, ஐயாங்கறாங்க. தாஷ்தனேன்னு கூப்பிட ஒரு ஆள் இல்ல. பேரு இருக்கறதே எனக்கு மறந்துடும் போலிருக்கு. நீ ஒரு தடவை கூப்பிடு." அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. ஓடிப்போய்த் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதாள். அந்த வாரமே அப்பா போய்விட்டார். இது உனக்குத் தெரியாது, நீ கேட்கவும் இல்லை. பெயரை எழுதத் தெரியாதவள் என்று சொல்லிவிட்டாய்.

ஆகவே கேட்டுக்கொள். நாங்கள் விருந்துக்கு வரவில்லை. பாட்டுகளுக்குப் பெயர் மாற்றித் தரப்போவதில்லை. அனார்கான் இனி அந்த மெஷினைத் தொடமாட்டாள், நானும் தொடவிடமாட்டேன். தட்டுகளை நானே வைத்துக்கொள்கிறேன், தேவைப்பட்டால் அத்தனையையும் அடுப்போரம் வைத்துக் கோழிக் கிண்ணமாக்குகிறேன். உன் விருந்தில் அப்பா பெயர் இல்லாமல் அப்பா பாடட்டும், யார் பாடுகிறார் என்று மந்திரி கேட்டால் நீ முழி. இனி போன் செய்யாதே.

உன் அடுப்பு அணையாமல் எரியட்டும், உன் வாசலுக்கு விருந்தாளி குறையாமல் வரட்டும், உன் தட்டில் எப்போதும் உனக்குரிய எலும்பே விழட்டும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சாதிர்குல்

பி.கு.: இதை எழுதி முடித்து அனார்கானிடம் உறை கேட்கப் போனேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். வேலை முடிந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாப் பாட்டுக்கும் சரியான தலைப்பு, எல்லாவற்றிலும் பாடியவர் இடத்தில் அப்பாவின் பெயர், ஓர் எழுத்துப் பிசகாமல்.

"நீயா எழுதின?" என்றேன்.

"நான் எங்க எழுதினேன்? கடைசி எழுத்த மொதல்ல தட்டினேன். அப்புறம் அதுக்கு முந்தினத, அப்புறம் அதுக்கும் முந்தினத. வாலுலேர்ந்து வந்தேன். முன்னாலேர்ந்து வந்தாத்தானே பேரு? தலைப்பு எல்லாமே அப்படித்தான் தட்டினேன்."

"அவன் சொன்னான்னா செஞ்ச?"

"அவர் சொன்னா நான் செய்வேனா? இவருல்ல கேட்டாரு" என்று திரையிலிருந்த அப்பா பெயரைக் காட்டினாள். "கேட்டப்ப குடுக்கல நான்." பிறகு, "நீங்க சத்தமாப் படிங்க" என்றாள். தாஷ்தன் என்று படித்தேன். அவள் எழுந்து நின்று, திரையைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக வைத்துக்கொள். படித்தது உறைத்திருந்தால் அது உன் பாடு. பென்டிரைவோடு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறோம், இருவரும். அண்ணிக்கு முன்வரிசையில் இடம் போடு, மைக் கொடுக்காதே.

ஒரு பாட்டில் மட்டும் உடன் வாசிப்பவர் இன்னும் நல்லெலும்புதான். ஏன் என்று கேட்டேன். "பார்த்தேங்க. அவர் பேரு முன்னாலேர்ந்தும் வரல, பின்னாலேர்ந்தும் வரல" என்கிறாள்.