வந்த பஸ் அக்கா

எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே ஆக்லாந்து முழுவதையும் சுற்றி முடித்த ஒரே மனிதர் வந்த பஸ் அக்காவாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும் என்பார்கள். ஊர் இலங்கையில் மன்னார், வேலை முதியோர் இல்லத்தில். லீவு நாளில் பக்குரங்கா பஸ் ஸ்டாப்புக்கு வருவார். முதலில் எது வருகிறதோ அதில் ஏறிவிடுவார்.

நானும் என் மனைவி கோமதியும் திருச்சியிலிருந்து மகன் வீட்டுக்குப் போயிருந்த வருஷம் அது. மகனும் மருமகளும் காலையில் ஆளுக்கொரு காரில் கிளம்பிவிடுவார்கள். அந்த ஊரில் கார் இல்லாதவனுக்குக் கால் இருந்தும் பயனில்லை. எதிர்வீட்டு வேலியை இரண்டு வாரம் பார்த்த கோமதி, "டிக்கெட்ட முன்னாடி மாத்துங்க. வேலி பாக்குறதுக்கா பிளேன் ஏறி வந்தோம்?" என்றாள். நியாயமான கேள்விதான். அவளை பஸ் ஸ்டாப்புக்கு அழைத்துப்போனேன். அங்கே பெரிய சாப்பாட்டுப் பையுடன் அக்கா நின்றிருந்தார்.

"தமிழோ? நல்லதாப் போச்சு. ஏறுங்கோ."

"இது எங்கக்கா போகுது?"

"தெரிஞ்சால் பிறகென்னத்துக்குப் போறது, தம்பி?"

தலை முழுக்க நரைத்த என்னைத் தம்பி என்றதில் மயங்கி ஏறிவிட்டேன். இரண்டு பஸ் மாறி, கடைசியில் விரி என்ற புறநகரில் இறங்கினோம். சுற்றுலாப் பயணி எவரும் கால் வைத்திராத இடம். கண்ணுக்கெட்டிய தூரம் கோடவுனும் லாரியும்தான். அக்கா அசரவில்லை. ஒரு கோடவுனின் சாப்பாட்டு அறைக்குள் நேராக நுழைந்து, மலைபோல் இருந்த டோங்காக்காரர் ஒருவரிடம் பையைத் திறந்து காட்டினார். அவர் மீன் அடைத்துப் பொரித்த ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணில் நீர் வந்தது, மிளகாய் அப்படி. அடுத்த நிமிஷம் எங்களுக்கு நாற்காலியும் தேநீரும் வந்தன. வந்ததிலிருந்து சிரிக்காத கோமதி அன்று புரையேறச் சிரித்தாள்.

அப்புறம் ஒரு நாள், கடலைப் பார்க்கலாம் என்று படகுத்துறைக்குப் போனோம். கவுண்டரில் எந்தத் தீவு என்று கேட்டார்கள். அக்கா ஆங்கிலத்தில், "முதல் வெளிக்கிடுற ஃபெர்ரிக்கு மூண்டு டிக்கெட்" என்றார். கடற்கரையும் கடைத்தெருவும் உள்ள தீவென்று நம்பி ஏறினோம். அது கொண்டுபோய் இறக்கியது ரங்கிடோட்டோவில். பழைய எரிமலை. கரி அள்ளிக் கொட்டியதுபோல் கறுப்புப் பாறை. கடை இல்லை, பஸ் இல்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது. கடைசிப் படகைத் தவறவிட்டால் தீவிலேயே தங்க வேண்டியதுதான் என்று இறங்கும்போதே படகுக்காரர் எச்சரித்தார்.

"இவ்வளவு சனம் இறங்குது, ஒரு தேத்தண்ணிக் கடை இல்லாமலோ? பாத்திட்டு வாறன்" என்று அக்கா பையை என் தோளில் மாட்டிவிட்டு மலைப்பாதையில் ஏறிப்போனார்.

போனவர் போனவர்தான். கடைசிப் படகு வந்தது; துறையில் நின்ற எல்லோரும் ஏறினார்கள். கையசைத்துக் கத்தினேன், பாறைதான் பதில் சொன்னது. போனில் கூப்பிட்டால் என் தோளில் தொங்கிய அவருடைய பைக்குள்ளிருந்தே மணி அடித்தது. படகு ஊழியர் ஏறும் பலகையை இழுக்க வந்தார். அப்போதுதான், ஆங்கிலத்தில் யாராவது ஹலோ சொன்னாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கோமதி, பலகையின் நடுவில் போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"எங்க அக்கா வரணும்."

ஊழியர் பணிவாக ஏதோ சொன்னார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அக்கா வரணும்."

அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்துவிட்டது. மேலே கேப்டனைப் பார்த்துக் கையை விரித்தார். படகு காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா நான்கு வெள்ளைக்காரர்களுடன், அவர்கள் தந்த ஆப்பிளைக் கடித்தபடி, கல்யாண ஊர்வலத்தின் வேகத்தில் இறங்கி வந்தார்.

"என்ன, எனக்காகவே நிக்குது?"

"பின்ன? ஏறுங்கக்கா மொதல்ல" என்று அதட்டினாள் கோமதி.

படகு பாதிக் கடலுக்கு வந்தது. அக்கா கோமதியின் கையைப் பிடித்து, "இந்த நாட்டில எல்லாத்துக்கும் பின்னால நான்தான் ஓடினனான், தங்கச்சி. எனக்கெண்டு ஒண்டும் நிண்டதில்லை" என்றார்.

டிக்கெட்டை மாற்றும் பேச்சு அதன்பிறகு எழவில்லை. நியூசிலாந்தில் என்ன பார்த்தீர்கள் என்று இப்போதும் யாராவது கேட்டால், நான் எரிமலை, கடல், பாலம் என்று ஆரம்பிப்பேன். கோமதி குறுக்கே வந்து, "அங்க எனக்கொரு அக்கா இருக்காங்க" என்பாள்.