டபுள் கிளட்ச் போட்ட கோப்பு

வாங்கப் போகாத காருக்கு ஆறு வருஷம் உட்கார்ந்து கியர் தேர்ந்தெடுத்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து மேஜையை எனக்குக் கொடுத்தார்கள். என் ஜாதகத்தில் அப்போது என்ன தசை நடந்ததோ! இன்றைக்கும் யாராவது ‘கியர்’ என்று ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.

சொந்தமாக ஒரு மொபெட்கூட இல்லாதவர். 2004-ல் எங்கிருந்தோ ஒரு பழைய கார் பத்திரிகை அவர் கையில் சிக்கியது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் காலால் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடும் வண்டியை வாங்குவதா, உள்ளே இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியை வாங்குவதா என்று அதில் ஒரு கட்டுரை. நீங்களும் நானும் பக்கத்தைப் புரட்டியிருப்போம். இவர் கோப்பு திறந்துவிட்டார்.

நிஜக் கோப்பு ஐயா! நாடா கட்டிய அட்டை, குறிப்புத் தாள், எல்லாம். ‘பொருள்: விளையாட்டு மகிழுந்து – பல்லிணை மாற்றும் முறை – தெரிவு செய்தல் – தொடர்பாக.’ வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கோப்பு மேஜை மேஜையாகச் சுற்றி வரும். கருத்து எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒருவரும் டிபன் பாக்ஸ் திறக்க முடியாது. டைப்பிஸ்ட் அம்மா, “ரெண்டு கிளட்சுன்னா மூணு காலு வேணுமே சார்?” என்று கேட்டு வைத்தார். அதற்குப் பதிலாக ஒன்றரைப் பக்கம் குறிப்பு வந்தது.

அலுவலக ஜீப் டிரைவர் மட்டும் ஒரேயடியாகச் சிரித்தார். “டபுள் கிளட்சா? இது என்னா புதுசு? இருவது வருசமா இந்தக் கிழட்டு ஜீப்புல நான் அதான போடறேன்! நியூட்ரலுக்கு ஒரு மிதி, கியருக்கு ஒரு மிதி.”

“யோவ், அது ஒரு கிளட்ச ரெண்டு தடவ மிதிக்கிறது. இது ரெண்டு கிளட்ச ஒரு தடவகூட மிதிக்காம இருக்கறது.”

“மிதிக்காத கிளட்ச் இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்க?”

அன்றிலிருந்து கோப்புக்காரர் பெயர் டபுள் கிளட்ச். பிறந்தபோது வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஆனால் ஒன்று, மனிதர் விளக்கினால் புரியும். “கல்யாணப் பந்தின்னு வச்சிக்க. ஒரே ஆளு சாம்பார ஊத்திட்டு, உள்ள ஓடிப்போயி ரசம் எடுத்தாந்தான்னா அது சாதா கியரு. எல காஞ்சிடும். சாம்பார் ஊத்தறப்பவே ரசவாளியோட இன்னொருத்தன் பின்னாடியே நிக்கிறான் பாரு, அதான் ரெண்டு கிளட்ச்.”

“அப்ப அதுதானே நல்லது?”

“ஆவாது! நான் கேக்காம எனக்கு எவன் ரசம் ஊத்தறது? என் காலு மிதிக்கணும், என் கையி போடணும். வாங்குனா கியர் வண்டிதான்!”

கட்சி இவ்வளவு உறுதியாக இருக்கும்போது கோப்பு எதற்கு என்று கேட்டேன். எல்லாத் தரப்பையும் கேட்காமல் ஆணை பிறப்பிக்க முடியாதாம்.

ஒருமுறை அந்தக் கோப்பு தபாலோடு கலந்து அதிகாரியின் மேஜைக்கே போய்விட்டது. ‘அரசு வாகனமா? நிதி ஒதுக்கீடு உள்ளதா? பேசவும்’ என்று பச்சை மையில் எழுதித் திருப்பி அனுப்பினார். டபுள் கிளட்ச் உள்ளே போனார். வெளியே நாங்கள் மெமோவா, இடமாற்றமா என்று பேசிக்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். “ஐயா ரெண்டு கிளட்ச் கட்சி. ஜீப்பு குலுக்கறதுல அவருக்கு முதுகுவலி ஜாஸ்தியாம்” என்றார். கருத்தைக் கோப்பில் ஏற்றியும் விட்டார்.

எனக்கு அலுவலகத்தோடு விட்டதா? சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு என் பழைய காரில்தான் இருவரும் போய்வருவோம். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் என் கியர் மாற்றத்தில் பத்துக் குற்றம் கண்டுபிடித்திருப்பார். “லைசென்ஸ்தான் இருக்கே, நீங்களே ஓட்டுங்கண்ணே” என்று ஒருநாள் சாவியை நீட்டினேன்.

“இந்தத் தகரத்துலயா? லைசென்ஸ் வாங்குன கையோட சபதம் பண்ணிட்டேன்யா. மொத மொதல்ல ஓட்டுனா ஸ்போர்ட்ஸ் கார்தான். பண்ருட்டி மச்சான் வாங்கறேன்னுருக்கான். வந்தன்னிக்கி மொத ரவுண்டு எனக்கு.”

மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி. முந்திரி ஏற்றுமதியில் நாலு காசு பார்த்தவர். மச்சானாவது, காராவது என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2008-ல் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடது கணுக்காலில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். நடக்கலாம், ஆனால் கிளட்ச் மிதிப்பதை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். கிளட்ச் இல்லாத கார் அப்போது எங்கள் சம்பளத்துக்குக் கனவிலும் எட்டாது. காரை விற்றேன். எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. சீட்டு இல்லை, சினிமா இல்லை. காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போகும் அந்த ஒரு மணி நேரம்தான் நான் யாருக்கும் கட்டுப்படாத நேரம். அது போனதும் மனசு விட்டுப்போயிற்று. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கக் கற்றுக்கொண்டேன்.

பக்கத்தில் டபுள் கிளட்ச். என் காலைப் பற்றி ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. கியரைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசினார். ‘கல்நெஞ்சக்காரன்’ என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன்.

2010-ல் மச்சான் நிஜமாகவே அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

“மாமா, கையி மாறுன பழைய வண்டி, ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு கியர் போடறது, ஒண்ணு ரெண்டு கிளட்ச். ஆறு வருசமா கோப்பு போடறீங்களே, இன்னிக்கி முடிவச் சொல்லுங்க. அதத்தான் வாங்கப்போறேன்.”

அலுவலகமே நாற்காலியை நகர்த்திக்கொண்டு சூழ்ந்தது. டபுள் கிளட்ச் பேனாவைத் திறந்தார். ‘இரட்டை கிளட்ச் வாங்கலாம். கோப்பு முடிக்கப்படுகிறது’ என்று எழுதி, நாடாவைக் கட்டிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! ஆறு வருஷமாக என் காதைத் தின்று என்னையும் கியர் கட்சியில் சேர்த்துவிட்டு, கடைசி நிமிஷத்தில் இப்படி ஒரு பல்டியா? “உங்களுக்கெல்லாம் ஒரு வாக்கு, ஒரு கொள்கை வேணாமாண்ணே?” என்று கத்தினேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு வாரம் பஸ்ஸில் வேறு ஸீட்டில் உட்கார்ந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவே கிடுகிடுக்க எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. வரும் வழியில் வேகத்தடைகளில் வயிறு தேய்த்த சத்தம் வடக்கு வீதியிலிருந்தே கேட்டது. மச்சான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வண்டியில் இரண்டே ஸீட்டு. மச்சானை இறக்கி, என் மனைவியிடம் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, டபுள் கிளட்ச் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏறுய்யா.”

“நானா? என் காலு...”

“எடது கால ஓரமா மடக்கி வச்சிக்க. அதுக்கு இங்க வேல இல்ல.”

நான் அவரையே பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். “சீக்கிரம் ஏறு, மாடு வந்து ஒரசப்போவுது” என்றார்.

உட்காரவில்லை, படுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு தாழ்வு. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் ஸ்டியரிங்கில் கை வைத்தபோது எனக்குக் கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை. பிச்சாவரம் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. கியர் எப்போது மாறியது என்றே தெரியவில்லை. “பாத்துப் போடா, பாத்துப் போடா” என்று பக்கத்தில் கத்திக்கொண்டே வந்தார். பிச்சாவரம் வரை போய்த் திரும்பி வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

“அண்ணே, மொத ரவுண்டு உங்களுதாச்சே! நீங்க ஓட்டவே இல்லியே!”

“எனக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்கே. கியர் வண்டி ஒண்ணு வராமலா போவும்? அப்ப பாத்துக்கறேன்.”

மச்சான் அந்தக் காரை ஒரே வருஷத்தில் விற்றுவிட்டார். கியர் வண்டி வரவேயில்லை. எனக்குத் தெரிந்து அவர் கடைசிவரை எந்தக் காரையும் ஓட்டவில்லை, பாவி மனுஷன்.