கரண்டியின் பலம் எட்டு

சமநிலைக்காரர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கேரம் ஆட்டத்தில் தோற்கப்போகிற நேரம் பார்த்து, பலகையின் ஒரு மூலை தாழ்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பவர். பாத்திரம் கழுவும் முறை தன்னிடம் வருகிற நாளில் மட்டும், இந்த முறைவைப்பையே எல்லோரும் உட்கார்ந்து ஒருதரம் யோசிக்கவேண்டும் என்பவர். வரிசையில் கடைசியாக நிற்கும்போது வரிசைகளைப் பற்றிப் புதுப்புது யோசனைகள் சொல்பவர். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. ஏமாற்றுக்காரர் விதியை மீறுவார். இவர் விதியைத் திருத்துவார். அதுவும் யாருக்காக? நமக்காக.

இந்த இனத்தில் முக்கால்வாசிப் பேர் கையில் அதிகாரம் கிடையாது, அதனால்தான் நாமெல்லாம் பிழைத்துக்கிடக்கிறோம். நான் சொல்லப்போகிறவர் கையில் அதிகாரம் இருந்தது. அவர் என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி.

இணையத்தில் ஒரு விளையாட்டு. விண்வெளியில் ஒரு நிலையம். ஐம்பது அறுபது பேர் அவரவர் வீட்டில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த நிலையத்தில் வேலை பார்ப்பார்கள். ஒருவர் கேப்டன், சிலர் டாக்டர், சிலர் எஞ்சினியர், ஒருவர் சமையல். கூட்டத்தில் இரண்டு பேர் துரோகிகள். அவர்கள் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தால், ஐந்தரை மணிக்குள் யாராவது எதையாவது வெடிக்கவைத்து நிலையம் கவிழும், அல்லது துரோகிகள் பிடிபடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் ஆபீஸில் அல்லாடியவர்கள் ஏழாவது நாளும் ஒரு கற்பனை ஆபீஸில் போய் ஏன் அல்லாடுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அங்கே தரை துடைக்கிறேன். வீட்டில் துடைக்கச் சொன்னால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

இந்த விளையாட்டுக்கு முதலாளி கிடையாது. ஆடுகிறவர்களில் நிரல் எழுதத் தெரிந்த சிலபேர் சேர்ந்து அதை எழுதுகிறார்கள், ஒட்டுப்போடுகிறார்கள், காப்பாற்றுகிறார்கள். நிலையத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சாமானும் நிரலில் ஓர் எண்தான், அதன் அடிக்கு எவ்வளவு பலம் என்கிற எண். துப்பாக்கி நாற்பது, சுத்தியல் பன்னிரண்டு, என் துடைப்பம் மூன்று. அந்த எண்களை மாற்ற யார் யோசனை சொன்னாலும், சரி என்று ஏற்றுக்கொள்ளும் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. யாரிடம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மைத்துனர்தான் எப்போதும் கேப்டன். குலுக்கல் முறையில்தான் கேப்டனைத் தேர்ந்தெடுப்பது. குலுக்கல் நிரலைப் பராமரிப்பதும் அவர்தான்.

அவர் ஆட்டத்தில் செத்துப்போனால் அதற்கொரு சடங்கு உண்டு. முதலில் ஹெட்போனில் ஒரு மௌனம். பிறகு நாற்காலி கிறீச்சிடும். பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம். அப்புறம் கீபோர்டு தடதடவென்று கேட்கும். மறுவாரம் பார்த்தால் அவரைக் கொன்ற சாமான் எதுவோ, அதன் பலம் குறைந்திருக்கும். மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் "சமநிலை சீராக்கம்" என்று எழுதியிருக்கும். தோட்டக்காரர் எறிந்த பூசணிக்காயில் ஒருமுறை செத்தார். மறுவாரம் பூசணிக்காய் பஞ்சாகிவிட்டது. நான் துடைத்துவிட்ட ஈரத்தரையில் வழுக்கி, திறந்துகிடந்த கதவு வழியே நேராக விண்வெளிக்குப் போய்ச்சேர்ந்தார். மறுவாரம் தண்ணீர் வழுக்கவில்லை. வழுக்காமலிருக்க உள்ளே என்ன செய்தாரோ தெரியாது, அது தீயையும் அணைக்கவில்லை. எஞ்சின் அறையில் பிடித்த நெருப்பை ஆறு பேர் வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அறுபது பேரும் கரிக்கட்டையானபின் அவர் சொன்னார்:

"இப்பப் பாருங்க, எல்லாரும் சமமா செத்திருக்கோம்."

"உன்னை வழுக்கிவிட்டதுக்காக இத்தனையும் பண்ணணுமா?" என்று நான் கேட்டேன்.

"எனக்காகவா பண்றேன் அத்தான்? ஆட்டத்துக்காக. ஒரே ஒரு நம்பர்தான் மாத்தினேன்."

எண்களோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவருக்குச் சுத்தம் செய்யும் வியாதியும் இருந்தது. எப்போதோ வந்து எழுதிவிட்டுப் போனவர்களின் பழைய வரிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. அப்படி ஒரு வரி. அதற்கு மேலே எழுதியவர் ஒரு குறிப்பு போட்டிருந்தார்: "இது ஏன் இருக்கிறது என்று பிறகு புரியும்." மைத்துனர் அதைப் படித்துவிட்டு, "பிறகு புரியும்னா இப்பத் தேவையில்லன்னுதானே அர்த்தம்?" என்று அழித்துவிட்டார். இப்படியும் ஒரு தர்க்கம்!

இனி என் மனைவிக்கு வருகிறேன். மைத்துனர் வேலைக்காக வேறு ஊருக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். அக்காவும் தம்பியும் போனில் பேசினால் அது எப்படி இருக்கும் தெரியுமா? "சாப்பிட்டியா?" "ம்." "வேற?" "வேற ஒண்ணுமில்ல." முடிந்தது. பாசம் இல்லாமல் இல்லை, பேச வாய் வராது. அப்படியிருக்கையில் ஒருநாள், "ஆட்டத்துக்கு ஆள் பத்தலக்கா, சும்மா பேருக்கு வந்து நில்லு" என்று கூப்பிட்டார். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நாள்பூராவும் வலியோடு வருகிறவர்களை உட்காரச் சொல்லி உட்காரச் சொல்லி அலுத்தவள். வந்தாள். சமையல்காரி வேலையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கற்பனை அடுப்படியில்தான் இரண்டு பேருக்கும் வாய் திறந்தது. அவருக்கு ஒரு மாதமாக இருமல் என்பதும், குழாய் ஒழுகுவதை வீட்டுக்காரர் சரிசெய்து தரவில்லை என்பதும், ஆபீஸில் ஒரு பெண்ணிடம் பேசப்போய்ப் பிரிண்டரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பியதும் எங்களுக்கு அங்கேதான் தெரியவந்தன. ஞாயிறு மூன்றரைக்கே அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து மேசையிலிருந்து பார்க்கிற எனக்குத் தெரியாதா, அது ஆட்டத்துக்காக இல்லையென்று?

அப்படிப்பட்ட அடுப்படியில்தான் விபரீதம் நடந்தது. கேப்டன் ஒருநாள் விறைப்பாக உள்ளே வந்தார்.

"சூப்புல விஷம் கலந்திருக்கே. நீதான் துரோகி. கைது பண்றேன்."

"போடா. உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

"கையை நீட்டுக்கா."

"கிட்ட வந்தேன்னா பாரு."

கிட்டப் போனார். அவள் கரண்டியை எடுத்தாள். கரண்டியின் பலம் எட்டு. பத்தே அடி. இடுப்பில் துப்பாக்கி தொங்க, மார்பில் பதக்கம் மின்ன, கேப்டன் சூப்புப் பானைக்குப் பக்கத்தில் மல்லாந்துவிட்டார். நிலையத்தில் பாதிப் பேர் சாப்பாட்டுக்காக அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். எழுந்த சிரிப்பில் என் ஹெட்போன் கரகரத்தது.

மறுவாரம் கரண்டியின் பலம் ஆறு. காரணம்: சமநிலை சீராக்கம். அடுத்த வாரம் நான்கு. அதற்கடுத்த வாரம் ஆட்டம் ஆரம்பிக்குமுன் அறிவிப்பைப் பார்த்தால், இரண்டு.

"டேய்," என்றாள் என் மனைவி. "உன் இடுப்புல துப்பாக்கி இருக்கு. என் கையில கரண்டி இருக்கு. இதுல எது பெருசுன்னு நீ குறைச்சிட்டே வர்றே?"

"கணக்கு அப்படித்தான் சொல்லுதுக்கா."

"அடிபட்டவன் கணக்கா? இன்னொரு தடவை என் கரண்டியத் தொட்டே, நான் இனிமே வரமாட்டேன்."

அவள் வரமாட்டேன் என்றால் வரமாட்டாள். ரவிக்கையைக் கெடுத்த எங்கள் தெருமுனைத் தையற்காரர், ஒன்பது வருஷமாக அவள் எதிர்ச்சாரியில் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆட்டம் தொடங்கியது. எஞ்சின் அறையில் கை வெந்துபோன எஞ்சினியர் ஒருவர் அடுப்படிப் பக்கம் வந்து, வரிசையை மீறிக் கையை நீட்டினார். இருந்த கோபத்தில் அவள் அவரை ஒரு போடு போட்டாள். அவர், "அம்மா!" என்று கத்திவிட்டு, "அட, நல்லா இருக்கே! இன்னொண்ணு போடுங்க" என்றார்.

நடந்தது இதுதான். நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே சீருடை; அது எந்த அடியிலும் மூன்றைத் தாங்கிக்கொள்ளும். இரண்டிலிருந்து மூன்றைக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. கீழே போனால் பூஜ்யமாகவே வைத்துக்கொள் என்று சொல்லத்தான் அந்தப் பழைய வரி இருந்தது. அதைத்தான் இந்த மனிதர் பெருக்கித் தள்ளிவிட்டாரே! ஆகையால் கரண்டியால் ஓர் அடி வாங்கினால் காயம் ஒரு பங்கு ஆறியது.

அப்புறம் கேட்கவேண்டுமா? பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி காலி. அடுப்படி வாசலில் நாற்பது பேர் வரிசை. காலொடிந்தவர், தீப்பட்டவர், குண்டடிபட்டவர், ஒன்றுமே ஆகாமல் எதற்கும் இருக்கட்டும் என்று வந்தவர், எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, என் மனைவி கரண்டி தேயத்தேய அடித்து எல்லோரையும் குணப்படுத்திக்கொண்டிருந்தாள். ஐந்து டாக்டர்கள் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் சாகவில்லை. சாகாததால் ஆட்டம் முடியவில்லை. ஐந்தரை ஆயிற்று, ஆறரை ஆயிற்று.

"நான்தாங்க துரோகி," என்று ஒரு குரல் கெஞ்சியது. "வீட்டுக்கு விருந்தாளி வந்து உக்காந்திருக்காங்க. யாராவது என்னைக் கொன்னுடுங்களேன்."

கொல்லப் பார்த்தார்கள். யாரோ ஒரு பழக்கதோஷக்காரர் அவரையும் இழுத்துப்போய் வரிசையில் விட்டுவிட்டார். கடைசியில் நிலையத்தையே அணைத்துத்தான் எல்லோரும் வீடு சேர்ந்தோம்.

மறுநாளே ஐந்து டாக்டர்களும் எழுதிவிட்டார்கள்: கரண்டியைச் சரிசெய்யாவிட்டால் நாங்கள் வரமாட்டோம். டாக்டர் இல்லாத நிலையம் எத்தனை வாரம் ஓடும்? சரிசெய்வதென்றால் கரண்டியைத் தொடவேண்டும். தொட்டால் அக்கா வரமாட்டாள். புதன்கிழமை மைத்துனர் எனக்குப் போன் செய்தார்.

"அத்தான், அக்கா கோவமா இருக்காளா?"

"கோவமா இருந்தாப் பரவாயில்லையே. டாக்டருங்க எழுதினதப் படிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குத் துணி துவைக்கப்போறேன்னு சொல்லிட்டா."

மறுமுனையில் இருமினார். பிறகு, "அவ வரலன்னா நான் யார்கிட்ட அத்தான் பேசுவேன்?" என்றார். இத்தனை கேலி பேசுகிற எனக்கே அந்த ஒற்றை அறையும் ஒழுகுகிற குழாயும் கண்முன்னால் வந்து நின்றன.

"பழையபடி எட்டு வச்சிடு. அழிச்ச வரியையும் திருப்பிப் போடு," என்றேன்.

"ஆறு வச்சாப் போதாதா?"

"எட்டு."

"ஏழு?"

"எட்டு."

"ஏழரை? ஏழரைதான் அத்தான் நியாயமான..."

போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அறிவிப்பு வந்தது. கரண்டியின் பலம் எட்டு. காரணம் என்ற இடத்தில் இந்தமுறை இப்படி எழுதியிருந்தார்: "அக்காவிடம் அடிவாங்கியது அவமானமாக இருந்ததால் குறைத்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது." அறுபது பேர் படிக்கிற இடத்தில் அதை எழுத அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். என் மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். போய் வாளியை எடுத்துத் துணியை அன்றைக்கே ஊறவைத்தாள்.

ஞாயிறு நான்கு மணி. கேப்டன் அடுப்படி வாசலில் தயங்கித்தயங்கி வந்து நின்றார்.

"வந்துட்டியாக்கா?"

"வந்தாச்சு. எட்டுதானான்னு பாக்கணும்ல? அசையாம நில்லு."

நின்றார். பாவம், துப்பாக்கியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நின்றார். பத்து அடி. விழுந்தார். இரண்டாவது நிமிஷம் என் மனைவியின் போன் அடித்தது.

"கரண்டி கச்சிதமா இருக்குக்கா. அதுல நான் கை வைக்கமாட்டேன். ஆனா கேப்டன் தொப்பி ரொம்ப மெல்லிசா இருக்கு. அதை மட்டும் கொஞ்சம்..."

"தொப்பியத் தொட்டுப் பாரேன்!" என்றாள் அவள். அதிலிருந்து ஆரம்பித்தார்கள். தொப்பியிலிருந்து இருமலுக்கும், இருமலிலிருந்து பிரிண்டர் பெண்ணுக்கும் போனார்கள். ஒரு மணி நேரம், அதுவும் போனில். நிலையம் வெடித்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். வெறும் கரண்டியால் பத்தே அடியில் ஒரு கேப்டன் விழுந்துவிட்டார் என்று படித்தபோது, எட்டு கொஞ்சம் அதிகம்தானோ, ஆறாவது வைத்திருக்கலாமே என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியதா இல்லையா? ஓடியதென்றால் தயவுசெய்து எந்த விளையாட்டின் சாவியையும் கையில் வாங்காதீர்கள். என்னைச் சொல்லாதீர்கள். நான் அப்படிப்பட்டவனே அல்ல. தரை துடைக்கிறவனின் துடைப்பத்துக்கு வெறும் மூன்று என்பது மட்டும் யார் பார்த்தாலும் அநியாயம். அதை ஒன்பதாக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், எல்லோருடைய நன்மைக்காகவும்தான்.