காட்டெருமை ஏறியாச்சா?

எதை எடுத்தாலும் பாதியில் விட்டுவிடும் எனக்கு, கடைசிவரை முடிக்கத் தெரிந்த ஒரே காரியம் சிகரெட்தான்.

ஊட்டி மார்க்கெட் பக்கத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எப்போது வந்து பார்த்தாலும் ஏழெட்டு மிக்ஸிகள் குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். ஒன்றின் திருகாணியைத் தேடப் போய், வழியில் இன்னொன்றைப் பிரித்து, அதற்கு வயர் வாங்கக் கிளம்பி, டீக்கடையில் யாரோடோ தேர்தல் பேசிக்கொண்டு நிற்பேன். (கடையைத் திறந்துபோட்டுவிட்டுத்தான்.) ஒரு சிகரெட் பிடித்தால் மட்டும் கை ஒரு வேலையில் நிற்கும். அப்படித்தான் ஒரு மிக்ஸிக்கு ஒரு பாக்கெட் என்ற கணக்குக்கு வந்து சேர்ந்தேன்.

இருமல் முற்றியதும் என் மனைவி சுமதி கோயமுத்தூருக்கு இழுத்துப் போனாள். இருமலுக்குப் போன இடத்தில் டாக்டர் அரை மணி நேரம் என்னைப் பேசவிட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் எனக்கு ஏ.டி.எச்.டி என்றார். தமிழிலும் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். பெயரின் பாதியிலேயே என் கவனம் மேஜை மேலிருந்த கண்ணாடி உருண்டைக்குப் போய்விட்டது.

"ஓடிட்டே இருக்கற உங்க மூளைய அந்தச் சிகரெட் கொஞ்ச நேரம் உக்கார வெக்குதுங்க. அதனால விடறது உங்களுக்கு மத்தவங்களவிடக் கஷ்டம். கஷ்டம்தான், முடியாததில்ல" என்று மாத்திரை எழுதினார். வாயில் மெல்ல எதையாவது வைத்துக்கொள்ளவும் சொன்னார்.

"இதக் கண்டுபுடிக்க மலையெறங்கி வரணுமா? கல்யாணமான மறுநாளே நானு சொல்லியிருப்பனே!" என்றாள் சுமதி. சோம்பேறி, பொறுப்பில்லாதவன் என்று கேட்டே வளர்ந்த எனக்கோ அன்று கண் கலங்கிவிட்டது. அந்த வேகத்தில் சிகரெட்டை விட்டேன்.

இதில் என்னைவிட மகிழ்ந்தவர் அத்தை, அதாவது சுமதியின் அம்மா. என் மாமனார் பீடியோடு வாழ்ந்து இருமலோடு போனவர். அத்தை ஒரு கூடை நெல்லிக்காயை வாங்கி, நறுக்கி, உப்புப் போட்டு எங்கள் மொட்டை மாடியில் காயவைத்தார். (ஊட்டி வெயிலில் நெல்லிக்காய் காய்வதற்குள் மனிதன் நான்கு முறை கெட்டு நான்கு முறை திருந்திவிடலாம்.) ஒருவழியாகக் காய்ந்ததை என் சட்டைப் பைகளில் நிரப்பினார். மூன்று வாரம் நெல்லி வற்றலை மென்றே ஓட்டினேன்.

அப்போதுதான் அத்தையின் மகனான என் மச்சானுக்குக் கல்யாணம் வந்தது. ஆவணி மாதம், மேட்டுப்பாளையத்தில் ஒன்பது மணி முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டாரான எங்கள் ஆட்கள் மற்ற எல்லோரும் முதல் நாள் சாயங்காலமே வேனில் மலையிறங்கிவிட்டார்கள். வேன் என்றாலே அத்தைக்கு வாந்தி வரும். காரின் பின் சீட்டில் தலையணை வைத்து, கம்பளியை இழுத்து மூடிப் படுத்தால்தான் மலைப்பாதை ஒத்துக்கொள்ளும். ஆகவே விடியற்காலை அவரை என் காரில் அழைத்துவருவதாக ஏற்பாடு. தாலியும் அத்தையிடமே இருந்தது. என்னை நம்பி யாரும் அதைக் கொடுக்கவில்லை. கெட்டிக்காரக் குடும்பம்!

அன்று விடியற்காலை அத்தையைப் பின் சீட்டில் படுக்கவைத்துக் கிளம்பினேன். பனி என்றால் அப்படி ஒரு பனி. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. கேத்தி பிரிவில் ஒரு டீக்கடையைக் கண்டதும் என் மூளைக்குள் பழைய மணி அடித்தது. பின்னால் கம்பளி அசையவில்லை. அத்தை தூங்குகிறார் என்று சத்தமில்லாமல் இறங்கி, ஒரே ஒரு சிகரெட் வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனேன்.

மூன்றாவது இழுப்பில் பனிக்குள் ஏதோ அசைந்தது. கறுப்பாக, அகலமாக, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. எங்கள் ஊரில் இதற்கு யோசிக்கவே வேண்டாம். காட்டெருமை!

சிகரெட்டை வீசினேன். குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு ஓடி, காரில் பாய்ந்து கிளப்பினேன். "அத்தை, எந்திரிக்காதீங்க! காட்டெருமைங்க!" என்று கத்தினேன். அவரும் எழுந்திருக்கவில்லை.

அருவங்காடு தாண்டியதும் பயம் போய்க் குற்ற உணர்ச்சி வந்தது. கார் முழுக்கச் சிகரெட் வாடை. அத்தை முழித்துக்கொண்டுதான் பேசாமல் வருகிறார் என்று தோன்றியது. குன்னூர் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அத்தை, ஒண்ணே ஒண்ணுதானுங்க..." பதில் இல்லை. அடுத்த வளைவில், போன வாரம் கடையில் பிடித்த இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கும் மௌனம். மலை இறங்க இறங்க, காலேஜில் பிடித்த முதல் சிகரெட் வரைக்கும் போய்விட்டேன். என் வாழ்நாளில் ஒரு பேச்சைத் திசை மாறாமல் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். பர்லியாறில் வண்டியை ஓரம்கட்டி, பின்கதவைத் திறந்து, "மன்னிச்சுக்குங்க அத்தை" என்று அவர் காலைப் பிடித்தேன்.

தலையணை.

கம்பளியை உதறினேன். அத்தை இல்லை. அவர் பைக்குள் போன் அடித்தது. சுமதி.

"அம்மாகிட்டக் குடுங்க."

"தூங்கறாங்க" என்றேன். (பொய் சொல்வதற்கு மட்டும் என் மூளை எங்கும் அலைந்ததில்லை.)

பையைக் கொட்டிப் பார்த்தால் தாலியும் இல்லை. மச்சான் மணவறையில் உட்கார்ந்திருக்க, தாலி காட்டெருமையின் காலடியில் கிடப்பதாகவே நினைத்தேன். அத்தையையும் அதனிடம் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறேனே! வண்டியைத் திருப்பி, இறங்கிய மலையெல்லாம் ஏறினேன். எதிரே வந்த லாரி, பஸ் எதுவும் கண்ணில் படவில்லை. வழியெல்லாம் அழுகை வந்தது.

கேத்தி பிரிவில் டீக்கடைக்காரர் சாவகாசமாக டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாங்களா? மாப்ள, மாப்ளன்னு கூப்புட்டுட்டே ரோட்டுல ஓடுனாங்க, நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. கேரட் லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போச்சுங்க, அதுல ஏத்தி உட்டுட்டேன்."

மறுபடியும் இறங்கினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத் தைரியம் இல்லை. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. மச்சான் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். புதுப்பெண்ணின் கழுத்தில் தாலி பளபளத்தது. அதைப் பார்த்ததும் வாசலிலேயே கும்பிட்டுவிட்டேன். தாலி, அத்தையின் இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் லாரி ஏறி, கேரட்டுகளுக்கு முன்னால் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

சுமதி இடுப்பில் கை வைத்து நின்றாள். "தூங்கிட்டிருந்த எங்கம்மா லாரில வந்து எறங்குனாங்க. அது எப்புடிங்க?"

சுற்றிலும் சம்பந்தி வீட்டார். சிகரெட்டைச் சொல்ல முடியாது.

"காட்டெருமைங்க! கடைக்குப் பின்னால. கன்னங்கரேல்னு, இம்மாம் பெருசு. ஆடி ஆடி எம் மேலயே வந்துச்சு. தப்பிச்சதே பெரும்பாடு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தார். காலையில் போர்த்திய கறுப்புக் கம்பளிச் சால்வை தோளிலேயே இருந்தது. ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது நாந்தானுங்க மாப்ள."

அந்தச் சிரிப்பில் நாதஸ்வரக்காரர் இலையை விட்டு எழுந்து வந்து என்னவென்று விசாரித்தார். சுமதி மட்டும் சிரிக்கவில்லை. "அது செரி. கடைக்குப் பின்னால உங்களுக்கு என்ன வேலை?"

"ஒண்ணுக்குப் போனாரு கண்ணு. அதையெல்லாமா சபையில கேப்பாங்க?" என்றார் அத்தை. சுமதி பந்தியைக் கவனிக்கப் போய்விட்டாள்.

கை கழுவும் இடத்தில் அவரைத் தனியே பிடித்தேன். "அத்தை, உண்மையில நானு அங்க..."

"நெல்லி வத்தல வண்டியிலயே வெச்சுட்டு எறங்கிட்டீங்க. வாய் நமநமன்னு இருக்குமேன்னுதான் எடுத்துட்டு வந்தேன்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அத்தனை ஓட்டத்திலும், அந்த லாரியிலும் அதை அவர் விடவில்லை. "அக்கட்ட, கடைக்குப் பின்னால, ஒரே பொகையா இருந்துச்சுங்க. பனியோ என்னமோ, எனக்கென்ன தெரியும்?"

பனி இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் என்னைத் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். ஒரு வற்றலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அன்றோடு நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. அப்புறமும் இரண்டு தடவை சறுக்கி, மறுபடி டாக்டரிடம் போய், ஒருவழியாக விட்டேன். இன்றைக்கும் கடையில் மிக்ஸிகள் பாதி திறந்துதான் கிடக்கின்றன. சில சமயம் ஒரு ஜாருக்குள் நெல்லி வற்றல் இருப்பதாக வாடிக்கையாளர்கள் புகார் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு சம்பிரதாயம் நிலைத்துவிட்டது. கோயிலுக்கோ, துக்கத்துக்கோ, எங்கே கிளம்பினாலும் நான் சாவியைத் திருகுவதற்கு முன் சுமதி கேட்பாள்: "காட்டெருமை ஏறியாச்சா?"

"ஏறியாச்சு, எடுங்க மாப்ள" என்பார் அத்தை பின் சீட்டிலிருந்து. கூடவே ஒரு கை முன்னால் நீளும், உள்ளங்கையில் நெல்லி வற்றலோடு. அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் வண்டி நகரும்.