அத்திம்பேர் காலடியில் நான் சொன்னது

ஸ்கேனில் தெரியாத வலியை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை. எனக்கு நாலு வருஷமாக இடுப்பு வலி. மூன்று முறை ஸ்கேன் எடுத்தும் 'நார்மல்' என்றே வந்தது. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் வருத்தப்பட்டேன். (ஒரு சின்ன டிஸ்க்காவது பிதுங்கியிருக்கக் கூடாதா?)

அதிகம் சந்தோஷப்பட்டவர் என் அக்காவின் கணவர், அதாவது அத்திம்பேர். அபிராமபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனால் எல்லோரும் விழுந்து நமஸ்காரம் செய்வார்கள். நான் கையைக் கூப்புவதோடு சரி. "முதுகு வளையலைன்னு சொல்லாதேடா, மனசு வளையலைன்னு சொல்லு" என்பார். கூடம் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் அடையாறில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். "உங்க வலி நிஜம் சார். உடம்புல கோளாறு இல்ல, ஆனா மூளை அபாய மணியை நிறுத்தாம அடிக்குது. நீங்க பயப்படப் பயப்பட இன்னும் சத்தமா அடிக்கும்" என்றார் அந்த அம்மாள். 'உங்க வலி நிஜம்' என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. நாற்பத்து நாலு வயசு ஆண்பிள்ளை, அங்கேயே அழுதுவிட்டேன்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிய வேண்டும். வலி வந்தால் அதனிடமே தைரியமாக, வாய்விட்டுப் பேச வேண்டும். இதுதான் பயிற்சி. ரகசியம் என்று சொல்லித்தான் அக்காவிடம் சொன்னேன். சாயந்தரமே அத்திம்பேர் போன் பண்ணினார். "பாத்தியா, எல்லாம் மனசுலதான்னு அவாளே சொல்லிட்டா!"

அன்றே முடிவு செய்தேன். அவருடைய சஷ்டியப்தபூர்த்தியில், ஊரே பார்க்க, சாஷ்டாங்கமாக விழுந்து நானாகவே எழுந்து காட்டுவது. "அவசரம் வேண்டாம், முதல்ல வீட்டுல பண்ணிப் பாருங்க" என்றார் ஆலோசகர். நான் என்றைக்கு யார் பேச்சைக் கேட்டேன்?

தி. நகரில் மண்டபம். மாலையும் கழுத்துமாக அக்காவும் அத்திம்பேரும் நின்றார்கள். நான் விழுந்தேன். பாதி வழியிலேயே இடுப்பில் சுளீரென்றது. தரையில் முகம் பட்டதும், பயிற்சிப்படி வலியிடம் அழுத்தமாகச் சொன்னேன்.

"நாலு வருஷமா என் உயிரை வாங்கினது போதும். உன்னைக் கண்டா எனக்கு இனிமே பயம் கிடையாது. போ."

வாத்தியார் உட்கார்ந்தபடி மந்திரம் சொல்வதற்காக மைக்கைத் தரையோடு தரையாக வைத்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது. கீழே பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நின்றுவிட்டாராம். ஆசீர்வாதம் பண்ண எடுத்த அட்சதை அத்திம்பேர் கையிலேயே இருந்தது. வாத்தியார் மட்டும் அசரவில்லை. "அடுத்தவா வாங்கோ" என்றார்.

நான் எழுந்தேன். யாரும் கை கொடுக்காமல், நாலு வருஷத்தில் முதல் முறையாக. அதைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அத்திம்பேர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிப்புக் கேளுடா" என்றாள் அக்கா.

"எதுக்கு? நான் வலிகிட்டன்னா பேசினேன்."

"வலிகிட்ட யாராவது பேசுவாளா?" என்றார் அத்திம்பேர்.

"நான் பேசுவேன். பாருங்கோ, தானா எழுந்து நிக்கறேன்."

இன்று வரை மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வலிக்குச் சொன்னது அவருக்கும் கச்சிதமாகப் பொருந்தினால் அது என் குற்றமா? வலி இப்போதும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. நான் குனிகிறேன், நிமிர்கிறேன்.

அந்த வசனம் குடும்பச் சொத்தாகிவிட்டது. அக்கா பேரன் பரீட்சைக்குப் போகும்போது கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறான். போன வாரம் நான் அங்கே இருந்தபோது அத்திம்பேர் மூன்றாவது காப்பி கேட்டார். அக்கா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷமா என் உயிரை வாங்கினது போதும். உங்களைக் கண்டா எனக்கு இனிமே பயம் கிடையாது. போங்கோ."

அத்திம்பேர் எழுந்து போய், தானே கலந்துகொண்டார்.