எரியாத பல்பும் எழுந்து போகாத மதிப்பீட்டாளரும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

கடல் கடந்து கிடக்கும் உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், உடம்பைத்தான் சொல்கிறேன். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் ரத்த அழுத்தமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது, இனி விஷயம். போனில் சொன்னால் நடுநடுவே நீங்கள் சிரிப்பீர்கள், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் வேலை கேட்டு வந்து நின்றவனிடம் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "உனக்கு மெஷினைத் தெரியும்டா, மனுஷனைத் தெரியாது. ஒருத்தன் கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதிலைத் தூக்கி அவன் மூஞ்சில எறியற. எங்கயாவது ஒரு பள்ளிக்கூடத்துல நின்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்துப் பழகிட்டு, சர்டிபிகேட்டோட வா. உனக்குன்னு அந்த வேலையை வச்சிருக்கேன்." வந்தேன். பழகினேன். பயிற்சி முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்பதைக் கேளுங்கள், அப்புறம் யாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டீர்கள்.

இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வழிகாட்டியாகப் போட்ட அறிவியல் டீச்சர் நல்லவர்தான். ஆனால் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்பார். பாத்ரூம் போகலாமா என்று கேட்ட பையனிடமும் அதையே கேட்டார். அவன் என்ன நினைத்தானோ, ஓடியே போய்விட்டான். பதிலை ஆசிரியர் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே செத்துவிடுமாம். எனக்கோ பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்றால் தும்மலை அடக்குவது மாதிரி, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒரு நாளாவது அடக்கினேன் என்கிறீர்களா? இல்லை. வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னை உட்கார வைத்து, "இன்னைக்கும் நீங்கதான் பாடம் படிச்சீங்க, பிள்ளைங்க வேடிக்கை பார்த்தாங்க" என்பார். பேச முடியாத எரிச்சலை எங்கேயாவது தீர்க்க வேண்டாமா? அதனால் பள்ளிக்கூடத்தைப் பழுது பார்க்க ஆரம்பித்தேன். முதலில் மணி. தொண்டை கட்டின மாதிரி முனகிக்கொண்டிருந்ததைக் கழற்றி, துடைத்து, சரி பண்ணினேன். மறுநாள் அது அடித்த அடியில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் அழுதார்கள். அடுத்தது எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் கிடந்த ஒரு நாற்காலி. ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் ஊஞ்சல். அதற்கு அளவெடுத்து, கட்டை வைத்து, திருகி, பாறை மாதிரி நிறுத்தினேன். அதைப் பார்த்த தலைமை ஆசிரியர் பேய் அறைந்த மாதிரி நின்றார். பிறகுதான் தெரிந்தது, வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தால் அதில்தான் உட்கார வைப்பார்களாம். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லா நடத்துறீங்க" என்று சொல்லி எழுந்து போய்விடுவார்களாம். பல வருஷமாக இந்தப் பள்ளியின் நற்பெயர் அந்தக் குட்டைக் காலில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது. ஆப்பு அசைத்த குரங்கு கதை தெரியும் மாமா. ஆப்பு அடித்துக் கெட்ட குரங்கு நான்தான்.

இது கிடக்கட்டும். கடைசியாக நான் தனியாக நடத்த வேண்டிய பாடம் வந்தது. அதை வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, போதும் என்றால்தான் சான்றிதழ், சான்றிதழ் வந்தால்தான் உங்கள் வேலை. பாடம் மின்சுற்று. பெஞ்சுக்கு ஒரு பெட்டி, அதற்குள் பேட்டரி, இரண்டு ஒயர், ஒரு சுவிட்ச், ஒரு பல்பு. இதை நான் தூக்கத்தில்கூட நடத்துவேன். முந்தின நாள் டீச்சர், "பெட்டியெல்லாம் அலமாரியில தயாரா இருக்கு. நீங்க எதையும் தொட வேண்டாம், சரியா?" என்றார். சொல்லுங்கள் மாமா, என்னிடம் வந்து தொட வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? பள்ளி விட்டதும் திறந்து பார்த்தேன். ஒரு பெட்டியில் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கிறது. ஒன்றில் பேட்டரி செத்திருக்கிறது. ஒன்றில் பல்பு ஃபியூஸ். ஒன்றுகூட உருப்படி இல்லை. இதைப் போய் பிள்ளைகள் கையில் கொடுப்பார்களா என்று திட்டிக்கொண்டே, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் புது ஒயர், புது பேட்டரி, புது பல்பு. பற்றவைத்த ஈயப் புகையில் கண் சிவந்து வீட்டுக்குப் போய் ராஜா மாதிரி தூங்கினேன்.

மறுநாள் மதிப்பீட்டாளர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஆடிப் பார்த்தார், ஆடவில்லை. சாய்ந்துகொண்டார். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். நான் பெட்டிகளைக் கொடுத்தேன். பிள்ளைகள் சுவிட்சைப் போட்டார்கள். எல்லா பல்பும் பளிச்சென்று எரிந்தது. எனக்குப் பெருமையான பெருமை. யாரும் கைதட்டவில்லை. டீச்சர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். முதல் பெஞ்சில் ஒரு பெண் உண்டு, நான் அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருக்கிறேன். எழுந்தாள்.

"சார், எங்களுது எரியுது."

"எரியணும்தானே?"

"அப்ப எதைக் கண்டுபிடிக்கிறது? போன வருஷம் எங்க அண்ணன் வகுப்புக்கெல்லாம் கெட்டுப்போனதா குடுத்தாங்க. எது கெட்டிருக்குன்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க. எங்களுக்கு மட்டும் ஏன் சார் நல்லதைக் குடுக்கிறீங்க?"

மாமா, அந்தப் பழுதுகள்தான் பாடம். டீச்சர் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கெடுத்து வைத்திருக்கிறார். நான் ஒரே சாயங்காலத்தில் மொத்தப் பாடத்தையும் ரிப்பேர் பண்ணிவிட்டேன். மணி அடிக்க இன்னும் முக்கால்வாசி நேரம் பாக்கி, கையில் ஒன்றும் இல்லை, மதிப்பீட்டாளர் எழுந்து போகிற மாதிரியும் தெரியவில்லை. போக விடாமல் கட்டை வைத்தவனும் நான்தான். எரிச்சலில் வாயில் வந்தது: "நல்லதைக் குடுத்தா குத்தமா? அப்ப நீங்களே கெடுத்துக்கோங்க போங்க!"

திட்டினேன் மாமா. சத்தியமாகத் திட்டத்தான் செய்தேன். அவர்கள் அதைப் பாடம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் வகுப்பு சந்தைக்கடை. ஒருத்தன் ஒயரைக் கடிக்கிறான், ஒருத்தி பேட்டரிக்கு நடுவில் மிட்டாய்க் காகிதம் செருகுகிறாள். கெடுத்துவிட்டுப் பக்கத்துப் பெஞ்சோடு பெட்டியை மாற்றிக்கொள்கிறார்கள். "தலைகீழா நின்னாலும் கண்டுபிடிக்க மாட்டடா!" "போடி, உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, சுவிட்சுலதான் வச்சிருக்க." நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பேசுவது? எது எங்கே கெட்டிருக்கிறது என்று எனக்கே தெரியாதே. கடைசியில் வக்கீல் தன் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "இது உங்களுக்கு, சார்."

ஒரு நொடியில் முடித்துவிடலாம் என்று மீட்டரை எடுத்தேன். பேட்டரி சரி. ஒயர் சரி. சுவிட்ச் சரி. பல்பைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டால் எரிகிறது. பல்பு உட்காரும் குழியின் அடித்தகட்டில் மீட்டர் ஒயரின் கூர்முனையை வைத்துக் குத்தினேன், அதுவும் சரி. எல்லாம் சரி, பல்பு மட்டும் எரியாது! எனக்கு வேர்த்துவிட்டது. வகுப்பு முழுக்க என்னைச் சுற்றி நிற்கிறது. "என்னதான்மா பண்ணின?" என்று கேட்டே விட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, டீச்சர் குரலிலேயே, "நீங்க என்ன நினைக்கிறீங்க, சார்?" என்றாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அந்த நேரம் பார்த்து என் மணி அடித்தது. மதிப்பீட்டாளர் நாற்காலியிலிருந்து ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தார்.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. இணைத்திருக்கிறேன். குறிப்பில் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள்: "ஆசிரியர் மிகக் குறைவாகப் பேசினார். விடையைக் கடைசிவரை சொல்லவே இல்லை. இத்தகைய பொறுமை அரிது." தெரியாமல் முழித்ததற்குப் பெயர் இங்கே பொறுமையாம்! போகும்போது அந்த நாற்காலி எங்கே வாங்கியது என்று வேறு விசாரித்துவிட்டுப் போனார்.

எனக்குப் போதும் மாமா. அடுத்த வாரம் கிளம்புகிறேன். அந்த வேலையைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் பயிற்சிப் பிரிவு வேண்டாம், மெஷின் பக்கம் எங்கேயாவது ஒரு மூலை கொடுங்கள். மெஷின் கெட்டால் கெட்டது, சரி என்றால் சரி. கையைக் கட்டிக்கொண்டு நின்று என்ன நினைக்கிறீங்க என்று கேட்காது. அந்தப் பெண்ணின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் அறை மேஜையில் வைத்திருக்கிறேன். வீம்புக்குத்தான், வேறு எதற்கும் இல்லை. ஊருக்கு வருவதற்குள் கண்டுபிடித்து அவள் முன்னால் எரிய வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் சின்னவளுக்கு அன்பு, அவள் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் பதிலைச் சட்டென்று சொல்லிக்கொடுங்கள், பாவம். உங்கள் ஆசி என்றைக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
இனி எந்த வகுப்பறை வாசலையும் மிதிக்காத
உங்கள் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கண்டுபிடித்துவிட்டேன்! பல்புக் குழியின் அடித்தகட்டில் நிறமில்லாத நகப்பூச்சைப் பூசி வைத்திருக்கிறாள் மாமா. என் மீட்டரின் கூர்முனை அந்தப் பூச்சைக் குத்திக் கிழித்துக்கொண்டு போய் எல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறது. பல்பு மெதுவாகத்தானே உட்காரும், அதற்கு மின்சாரம் போகவில்லை. மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலால் தடவிப் பார்த்தபோதுதான் வழவழவென்று தட்டுப்பட்டது. பள்ளிக்கு ஓடிப் போய் வக்கீலிடம் சொன்னேன். "பரவால்லையே சார்" என்றாள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அடுத்த வகுப்புக்கு எல்லாப் பெட்டியிலும் இதையே வைக்கப் போகிறேன், அதை அவர்கள் தேடும்போது நான் பார்க்க வேண்டாமா? ஒரு வருஷம் இங்கேயே சொல்லிக்கொடுக்கக் கையெழுத்தும் போட்டாயிற்று. நாற்காலிக் காலையும் பழையபடி அறுத்துக் கொடுத்துவிட்டேன், தலைமை ஆசிரியர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பொறுமையான பையனாகப் பார்த்து.

இன்னொன்று. நேற்று வீடியோவில் பேசும்போது, மேஜைமேல் நான் வாங்கி அடுக்கியிருந்த நகப்பூச்சுப் பாட்டில்களை அம்மா பார்த்துவிட்டாள். "யாருடா அவ?" என்றாள். பழக்கதோஷத்தில், "நீ என்னம்மா நினைக்கிற?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். அம்மா என்ன நினைத்தாள் என்பது இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.