மணல்மேட்டுக்குச் சவரம் செய்த மாப்பிள்ளை

மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளையை யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். இதைப் பெரிய மரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது பெரிய ஆபத்து.

அறுபதுகளின் தொடக்கம், வைகாசி மாதம். புதுக்கோட்டை மாவட்டம் இன்னும் பிறக்கவில்லை. மணமேல்குடி அப்போது தஞ்சாவூர் ஜில்லா. (காலக்கணக்கில் நான் கறார். மற்றவற்றில் எப்படி என்பதை இனிமேல் பார்ப்பீர்கள்.) மணமேல்குடிக் கடலோரத்தில் மாமனார் வீடு. என் மனைவியின் தங்கை செல்லம்மாளுக்கு நிச்சயதார்த்தம். திருமயத்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். விருந்து முடிந்ததும் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்மேடு. அதன்மேல் ஆட்டுக்குளம்பு போன்ற இலைகளோடு அடும்பங்கொடி படர்ந்து கிடந்தது. உச்சியில் ஊசி ஊசியாக இராவணன் மீசைப் புல். நானோ கீரமங்கலத்துக்காரன். நிலக்கடலைக் கொல்லையில் வளர்ந்தவனுக்குத் தானாக முளைத்த எதுவும் களைதான். விருந்தினர் கண்ணில் இந்தப் புதர் படலாமா? முந்தின நாள் காலையிலேயே மண்வெட்டியோடு புறப்பட்டேன்.

“மாப்பிள்ளைக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்?” என்றார் மாமனார்.

“ஒரு சிரமமும் இல்லைங்க மாமா.”

மதியம், “வெயிலா இருக்கு, போதுங்களே” என்றார். சாயங்காலம், “அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுதுங்க” என்றார். எவ்வளவு பணிவான மனிதர் என்று நெகிழ்ந்து, இன்னும் வேகமாக வெட்டினேன்.

அடும்பு சும்மா வருமா? கணுவுக்குக் கணு வேர் விட்டு, மேட்டுக்கே தையல் போட்டு வைத்திருந்தது. இங்கே ஒரு கொடியை இழுத்தால் எங்கோ தள்ளி மணல் அசைந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மேடு, கல்யாணத்தன்று என் கன்னம் இருந்ததுபோல வழுவழுவென்று ஆகிவிட்டது. வெட்டியதை எல்லாம் விருந்துப் பந்தலோரம் அழகாகக் குவித்தேன்.

மறுநாள் இலை போட்டுச் சாம்பார் ஊற்றிய நேரம் கடற்காற்று எழுந்தது. கூடவே மேடும் எழுந்து வந்தது.

முதலில் அப்பளத்தில் ஒரு சரசரப்பு. அடுத்துப் பந்தலே தெரியவில்லை. பாயசத்தை மென்று தின்ன வேண்டியதாயிற்று. நான் குவித்ததிலிருந்து இராவணன் மீசையின் முள்ளுருண்டைகள் கிளம்பி, பந்திக்குள் வரிசையாக உருண்டு வந்தன. (காற்றில் உருண்டுதான் அவை விதை பரப்பும். பின்னாளில் படித்து வியந்தேன். அன்று வியக்க நேரமில்லை.) ஒன்று திருமயத்து மாப்பிள்ளையின் அப்பா வேட்டிக்குள் புகுந்தது. அவர் இலையை விட்டு எழுந்துவிட்டார்.

“இப்படியா பந்தி போடுவாக? எல்லாரும் கெளம்புங்க.”

மாமனார் கைகூப்பி நின்றார். ‘எங்க மூத்த மாப்பிள்ளை செஞ்ச வேலை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பந்தல்காலுக்குப் பின்னால் மெலிந்துகொண்டிருந்தேன்.

அப்போது, பந்திப் பக்கமே வரக்கூடாத செல்லம்மாள், தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்து மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்தாள்.

“அத்தே, உள்ள சோறு மூடித்தான் இருக்கு. வாங்க, கதவச் சாத்திக்கிட்டுச் சாப்பிடுவோம்.”

அந்த அம்மாள் வாயிலிருந்த மணலைத் துப்பினார். கணவரைப் பார்த்தார்.

“பசியோட அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல என்னால வரமுடியாது. நீங்க போறதுன்னா போங்க. நான் இந்தப் புள்ள கையால சாப்பிட்டு வாரேன்.”

ஒரே கூடத்தில் இரண்டு வீட்டாரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். ரசம் ஊற்றும்போது சம்பந்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தட்டு மாற்றியாயிற்று.

மறுநாள் மாமனார் முதல்முறையாக என்னிடம் சுற்றி வளைக்காமல் பேசினார். “மாப்பிள்ளை, புடுங்குனத எல்லாம் நட்டுட்டு ஊருக்குப் போங்க.”

நட்டேன். வெட்டுக்கொடி ஒன்றில் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்த அன்று, தெருவெல்லாம் ஓடிச் சொன்னேன். மேடு மறுபடி பச்சையாவதற்குள் பல மழைக்காலங்கள் போயின. ‘மேட்டுக்குச் சவரம் செய்த மாப்பிள்ளை’ என்று ஊர் எனக்கு வைத்த பெயர் மட்டும் மாறவில்லை.

செல்லம்மாள் கணவர், என் சகலை, இன்றும் எந்தக் கல்யாணப் பந்தியிலும் இலைமுன் உட்கார்ந்ததும் உரக்கக் கேட்பார்: “மூத்தவரு எங்கிட்டு இருக்காரு? கையில மம்பட்டி ஏதும் வச்சிருக்காரா?”

இல்லை என்று யாராவது சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.